பெருஞ்சாணியில் தொடங்கி பழையாற்றுக்கு: ஸ்வாட் பிளஸ் நீர்ப்பிடிப்பு மாதிரி, முதன்முறை ஓட்டுபவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் நீரியல் மாதிரி, அதாவது மழையிலிருந்து ஆற்று ஓட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள், ஓட்டிப் பார்க்க நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது பழையாறு. நாகர்கோவில் கழிவுநீர், வயல் உரம், மணக்குடி காயல் என்று கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் முதல் பயிற்சிக்கு அதை எடுக்காதீர்கள். பழையாற்றில் ஓடுவதில் ஒரு பங்கு அதன் சொந்த மழைநீர் அல்ல. கோதையாறு பாசனத் திட்டத்தின் அணைத் தண்ணீர் பாண்டியன் கால் என்ற கால்வாய் வழியாக அங்கே வந்து சேர்கிறது. மாதிரிக்கு மேடு பள்ளமும் மழையும்தான் தெரியும், கால்வாய் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்காமல் அளவுருக்களைத் திருகினால் வரைபடம் பொருந்திவிடும், காரணம் தவறாக இருக்கும்.

ஆகவே முதலில் பெருஞ்சாணி அணைக்கு மேலே உள்ள பரளியாற்றுப் பகுதி. பேச்சிப்பாறையும் இப்போதைக்கு வேண்டாம். அதற்கு மேலே கோதையாறு மின்நிலையங்கள் தண்ணீரைத் தேக்கித் தேக்கி விடுவதால் இயற்கை ஓட்டம் அங்கே கிடைக்காது.

நிறுவுதல்

ஸ்வாட் பிளஸ் இலவசம். அமெரிக்க வேளாண்துறையின் ஆராய்ச்சிப் பிரிவும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. முதலில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், பிறகு அதற்குள் இயங்கும் கியூஸ்வாட் பிளஸ், அதோடு வரும் எடிட்டர். கியூஜிஐஎஸ்ஸின் எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஸ்வாட் பதிவிறக்கப் பக்கத்தில் இருக்கும்; அதையே நிறுவுங்கள், கடைசியாக வந்த பதிப்பு வேண்டாம். வேலை செய்யும் ஃபோல்டர் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருக்கக் கூடாது. டெஸ்க்டாப்பில் வைக்காமல் சி டிரைவிலேயே சின்னப் பெயரில் ஒன்று திறந்துகொள்ளுங்கள்.

வரைபடங்கள்

உயர வரைபடத்துக்கு கோப்பர்நிகஸ் அல்லது எஸ்ஆர்டிஎம் செயற்கைக்கோள் தரவு, 30 மீட்டர் கட்டம். வடக்கு 8, கிழக்கு 77 என்ற ஒரே ஓட்டில் (tile) மாவட்டம் முழுவதும் அடங்கிவிடும். மாவட்ட எல்லையை வைத்து வெட்டாதீர்கள். மலைமுகடு எல்லைக் கோட்டைப் பார்த்து நிற்பதில்லை, சில கிலோமீட்டர் கூடுதலாகவே விடுங்கள். எல்லா வரைபடங்களையும் மீட்டரில் அளக்கும் யுடிஎம் 43 வடக்கு என்ற ஆயமுறைக்கு, அதாவது இபிஎஸ்ஜி 32643க்கு மாற்ற வேண்டும்.

இந்த மாற்றத்தில்தான் முதல் கோளாறு நுழையும். உயர வரைபடத்துக்குப் பக்கத்துக் கட்டங்களின் சராசரியை எடுக்கும் பைலீனியர் முறை சரி. நிலப்பயன்பாட்டுக்கும் மண்ணுக்கும், மிக அருகிலுள்ள கட்டத்தின் எண்ணை அப்படியே எடுக்கும் நியரஸ்ட் நெய்பர் மட்டுமே. வேர்ல்டுகவர் என்ற நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் பயிர் 40, கட்டடம் 50. பைலீனியர் போட்டால் இரண்டுக்கும் நடுவில் 45 என்று உலகில் இல்லாத ஒரு நிலவகை பிறந்துவிடும். அட்டவணையில் இல்லாத எண் என்று மென்பொருள் அடம்பிடிக்கும்.

அடுத்தது ரப்பர். வேர்ல்டுகவரில் ரப்பர் தோட்டமும் இயற்கைக் காடும் ஒரே எண், 10. பரளியாற்றுப் பகுதியில் இது சின்ன விஷயமல்ல. செயற்கைக்கோள் படத்தைப் பின்னால் வைத்துத் தோட்டங்களைப் பலகோணங்களாக வரைந்து, 11 என்று புது எண் கொடுத்து, பழைய வரைபடத்தின் மேல் பதியுங்கள். ஸ்வாட் செடிப் பட்டியலில் ரப்பர் தனியாகவே இருக்கிறது. ஓட்டி முடித்ததும் இலைப்பரப்புக் குறியீட்டை மாதவாரியாகப் பாருங்கள். நம் ஊர் ரப்பர் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் இலை உதிர்த்துத் தளிர்க்கும். மாதிரியில் அது ஜூன், ஜூலையில் மொட்டையாக நின்றால் நீராவிப்போக்குக் கணக்கு முழுவதும் கெட்டுப்போகும்.

மண்ணுக்கு உலக அளவிலான எஃப்ஏஓ (ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு) வரைபடம் போதும் என்று தொடங்கலாம், ஆனால் நீர்ப்பிடிப்பு முழுவதும் ஓரிரு மண்வகையிலேயே முடிந்துவிடக்கூடும். தேசிய மண் ஆய்வு நிறுவனத்தின் வரைபடம் கிடைத்தால் அதுவே நல்லது.

மழைக் கோப்பு

தலைப்பு ஒரு வரி, நெடுவரிசைப் பெயர்கள் ஒரு வரி, பிறகு ஆண்டுகளின் எண்ணிக்கை, நேர இடைவெளி (தினசரி மழைக்கு 0), அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம். அதன் கீழே ஆண்டு, ஆண்டின் எத்தனையாவது நாள், மழை மில்லிமீட்டரில். பதிவு விடுபட்ட நாளுக்கு -99. பூஜ்யம் போட்டால் அன்று மழையே இல்லை என்று மாதிரி நம்பிவிடும்.

வானிலைத்துறையின் மழை அளவு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரையானது, பதிவது மறுநாள் தேதியில். பகலிலும் இரவிலும் கொட்டிய மழை அடுத்த நாள் கணக்கில் ஏறும். அணை அளவு காலையில் எடுக்கப்படுவதையும் சேர்த்துப் பார்த்து, வெள்ள உச்சம் எப்போதும் ஒரு நாள் தள்ளியே வந்தால் மழைத் தேதியை முதலில் சோதியுங்கள். மாதிரி மேல் பழி போடாதீர்கள்.

நீராவிப்போக்குக்கு ஹார்கிரீவ்ஸ் முறை வெப்பநிலை மட்டும் கேட்கும், எளிது. ஆனால் காற்றை அது கணக்கில் எடுப்பதில்லை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்று அடிக்கும் அடிக்கு அது தாங்காது. பழையாற்றுக்குப் போகும்போது காற்று, ஈரப்பதம், சூரிய ஒளி சேர்த்து பென்மன்-மான்டீத் முறைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

நீர்ப்பிடிப்பை வரைதல்

30 மீட்டர் கட்டம் ஒன்று 900 சதுர மீட்டர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு சுமார் 1,111 கட்டங்கள். சிற்றோடைக்கு 550, ஓடைக்கு 5,500 கட்டங்கள் என்று தொடங்கலாம். வெளியேற்றப் புள்ளியை அணைச்சுவரில் வையுங்கள். அணையை நீர்த்தேக்கமாகச் சேர்க்க வேண்டாம், நமக்கு வேண்டியது அணைக்கு வரும் நீர்வரத்துதான். சரிவு வகுப்புகள் 5, 15, 30 சதவீதம். சிறிய நிலத்துண்டுகளை நீக்கும் வடிகட்டியை முதல் ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள்.

ஓட்டியதும் பார்க்க வேண்டியது

முதல் மூன்று ஆண்டுகளை வார்ம்-அப் என்று, அதாவது மாதிரி நிலைக்கு வரும் காலமாக, ஒதுக்குங்கள். பிறகு ஆற்று ஓட்ட வரைபடத்துக்கு ஓடாமல், நீர்ச் சமநிலைக் கோப்பைத் திறந்து ஆண்டு சராசரியைப் படியுங்கள்: மழை, மேல்வழிவு, பக்கவாட்டு ஓட்டம், கீழிறங்கியது, நீராவிப்போக்கு. மழை அளவு நீங்கள் கொடுத்ததோடு ஒத்துப்போகவில்லை என்றால் கோப்பில் பிழை, அங்கேயே நிறுத்துங்கள். செங்குத்தான காட்டுச் சரிவில் பக்கவாட்டு ஓட்டம் கணிசமாக வர வேண்டும். எல்லாமே மேல்வழிவாக வந்தால், மழையில் எவ்வளவு மேல்வழிவாகும் என்பதைத் தீர்மானிக்கும் வளைவு எண் (curve number) மிகையாக இருக்கிறது.

ஒப்பிட நீர்வரத்து

அணை நீர்மட்டத்தைக் கொள்ளளவு அட்டவணையில் பார்த்து மில்லியன் கன அடியாக மாற்றுங்கள். பெருஞ்சாணியின் முழு மட்டம் 77 அடி. ஒரு நாளில் ஒரு மில்லியன் கன அடி கூடினால் அது 11.57 கன அடி வினாடிக்கு. இருப்பு 20 மில்லியன் கன அடி கூடியது, திறப்பு 100 கன அடி என்றால், வரத்து 231 கூட்டல் 100, ஏறக்குறைய 331 கன அடி. அதை 0.0283ஆல் பெருக்கினால் 9.4 கன மீட்டர். மாதிரி பேசுவது இந்த அலகில்தான். நாள் கணக்கில் சில நாள் வரத்து எதிர்மறையாகவே வரும். மட்டத்தை வாசிப்பதில் சிறு பிசகு, நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாதல், இரண்டும் காரணம். வாரச் சராசரி எடுத்தால் அடங்கிவிடும்.

அளவுருக்களில் முதலில் வளைவு எண், மண்ணின் நீர்ப்பிடிப்புத் திறன், மண் ஆவியாதல் ஈடு (esco). மாத ஓட்டத்துக்கு, பொருத்தத்தை அளக்கும் நாஷ்-சட்கிளிஃப் எண் (முழுப் பொருத்தம் 1) 0.5ஐத் தாண்டி, மொத்த ஓட்டம் அளந்ததிலிருந்து விலகுவது கூடுதலோ குறைவோ 25 சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்கத்தக்கது. ஓட்டம் சரியாகும்வரை வண்டலைத் தொடாதீர்கள்; வண்டல் சரியாகும்வரை சத்துப்பொருள்களைத் தொடாதீர்கள்.

இனி பழையாறு

கால்வாய் வழியாக வரும் நீரை, அது சேரும் ஓடையில் தினசரி வரத்துப் புள்ளியாகக் கொடுங்கள். நாள்வாரித் திறப்பு விவரம் நீர்வளத்துறையிடம் இருக்கும். வெளியேற்றப் புள்ளியை மணக்குடியில் வைக்கக் கூடாது. கடல் ஏறி இறங்குவதை ஸ்வாட் கணக்கிடாது. ஓதம் எட்டாத மேல்பகுதியில் வையுங்கள்.

நெல்லுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு பட்டங்களையும் தனித்தனியாக மேலாண்மை அட்டவணையில் எழுத வேண்டும். உரத்தில் தவறுவது எளிது. யூரியாவைத் தேர்ந்தெடுத்தால் யூரியாவின் எடையைக் கொடுக்க வேண்டும், நைட்ரஜன் எடையை அல்ல. 46 சதவீதத்தை மாதிரியே கணக்கிட்டுக்கொள்ளும். ஏக்கருக்கு 45 கிலோ மூட்டை ஒன்று என்றால் எக்டேருக்கு 111 கிலோ, அதில் நைட்ரஜன் 51 கிலோ. 51 என்று எழுதினால் பாதிக்கும் மேல் உரம் காணாமல் போய்விடும்.

கழிவுநீருக்கு அளவீடு இல்லையென்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் பயன்பாடு, அதில் 80 சதவீதம் கழிவு என்று வைத்துக்கொள்ளலாம். பத்தாயிரம் பேருக்கு 1,080 கன மீட்டர். ஊர் முழுவதற்கும் ஒரே புள்ளி வைக்காமல், வாய்க்கால்கள் ஆற்றில் விழும் இடங்களாகப் பிரித்துக் கொடுங்கள்.

ஆய்வக முடிவு லிட்டருக்கு மில்லிகிராமில் வரும், மாதிரி நாளொன்றுக்குக் கிலோவில் சொல்லும். கிலோவை, ஓட்டத்தின் 86.4 மடங்கால் வகுத்தால் மில்லிகிராம்: 200 கிலோ, ஓட்டம் 2 கன மீட்டர் என்றால் 1.16. ஒப்பிடும் முன் அறிக்கையில் நைட்ரேட் முழு மூலக்கூறாக எழுதப்பட்டிருக்கிறதா, நைட்ரஜனாகவா என்று பாருங்கள். மூலக்கூறாக இருந்தால் 4.43ஆல் வகுத்த பிறகே மாதிரியின் எண்ணுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.