ஃப்ரான்சைஸ் எடுக்க அரசு உத்தரவாதக் கடனா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

டீக்கடையோ ஜூஸ் கடையோ ஒரு பிராண்டின் ஃப்ரான்சைஸ் (அதன் பெயரில் கடை நடத்தும் உரிமை) எடுங்கள், சொத்து அடமானம் வேண்டாம், அரசே ஜாமீன் நிற்கும் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். அந்த ஜாமீன் காப்பாற்றுவது வங்கியை, உங்களை அல்ல. மத்திய அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து 2000-ல் தொடங்கிய கடன் உத்தரவாத அமைப்பான சிஜிடிஎம்எஸ்இ, கடன் திரும்பாவிட்டால் வங்கியின் நஷ்டத்தில் பெரும்பகுதியை ஈடுகட்டும். அதற்கான கட்டணம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். அப்புறமும் பாக்கி உங்கள் பேரில்தான் இருக்கும், வங்கி வசூலுக்கு வரும், சிபில் ஸ்கோரும் விழும். சிறுதொழிலுக்கான அரசுக் கடன் திட்டமான முத்ராவிலும் இதே கதைதான். அடமானம் இல்லை, ஆனால் மானியமும் இல்லை, வாங்கியதை முழுசாகத் திருப்பிக் கட்ட வேண்டும்.

வங்கியே கடன் கொடுத்துவிட்டது, அப்படியென்றால் நல்ல பிராண்டுதான் என்று நினைப்பது அடுத்த தவறு. மேனேஜர் பார்ப்பது உங்கள் ஃபைலை, பிராண்டை அல்ல. அமெரிக்காவில் கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே பிராண்ட் தன் விவரங்களை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். இங்கே ஃப்ரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே கிடையாது, 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம்தான். கேட்காமல் எதுவும் உங்கள் கைக்கு வராது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பிராண்ட் போட்டுக் கொடுத்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை அப்படியே வங்கியில் நீட்டுவது. ஒரு டீக்கடைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். தினம் 8,000 ரூபாய் விற்பனை என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது, மாதம் 2,40,000. சரக்குக்குப் பாதி, வாடகை 25,000, இரண்டு பேர் சம்பளம் 32,000, கரண்ட் 6,000, பிராண்டுக்கு விற்பனையில் 6 சதவீதம் ராயல்டி, அந்த ராயல்டி தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று வைத்தால் கையில் சுமார் 40,000 நிற்கும். 10 லட்சம் கடனுக்கு 11 சதவீத வட்டியில் 5 வருடத் தவணை சுமார் 21,700. பரவாயில்லை, சமாளிக்கலாம். அதே கடையில் விற்பனை தினம் 5,000 என்றால்? மிச்சம் 1,400 ரூபாய்தான், தவணை மட்டும் அதே 21,700. ராயல்டி லாபத்தில் இல்லை, விற்பனையில் போகிறது, நஷ்டமான மாதத்திலும் கட்டியாக வேண்டும்.

அந்த 8,000 உண்மையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதே பிராண்டில் இரண்டு வருடமாக ஓடும் கடைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போய், காலையில் திறந்தவுடன் டீ குடித்து பில் வாங்குங்கள், இரவு மூடும் நேரத்தில் இன்னொரு பில். தொடர் எண் போடும் கடையாக இருந்தால், இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருப்பதுதான் அன்றைய பில்களின் எண்ணிக்கை, அதைச் சராசரி பில் தொகையால் பெருக்கினால் அன்றைய வியாபாரம் சுமாராகத் தெரியும்.

கடன் சாங்ஷன் ஆகும் முன்பே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஃப்ரான்சைஸ் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது. வங்கிக்காரர் மெஷினுக்கும் இன்டீரியருக்கும் கொட்டேஷன் கேட்பார், பிராண்ட் பெயருக்குக் கொடுத்த பணத்தைக் கணக்கில் சேர்ப்பாரா என்பதை முதலில் அவரிடமே கேட்டுவிடுங்கள். உங்கள் பங்கான மார்ஜின் பணத்தைப் பர்சனல் லோன் போட்டுக் கட்டவும் வேண்டாம், இரண்டு தவணையை ஒரு டீக்கடை தாங்காது.

புதுத் தொழிலுக்கு மானியத்தோடு கடன் தரும் மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டம் வழியாகப் போகிறவர்கள் மானியத்தை நம்பிச் செலவைத் திட்டமிடக் கூடாது. அது 3 வருடம் வங்கியில் உங்கள் பேரில் பூட்டியே இருக்கும், அப்புறம்தான் கடனில் கழியும். புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான் மானியம் என்பதால், ஏற்கெனவே நடக்கும் கடையைக் கைமாற்றி வாங்க அதை எதிர்பார்க்காதீர்கள்.

பலரும் பார்க்காமல் விடுவது ஒப்பந்தக் காலம். ஒப்பந்தம் 3 வருடம், கடன் 5 வருடம் என்றால், பெயர்ப்பலகை இறங்கிய பிறகும் 24 தவணை பாக்கி இருக்கும். புதுப்பிக்க எவ்வளவு கட்டணம், புதுப்பிக்காவிட்டால் அதே இடத்தில் வேறு பெயரில் டீ விற்கலாமா, பக்கத்துத் தெருவில் இன்னொருவருக்குக் கடை கொடுப்பார்களா, இந்த மூன்றுக்கும் பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.