செம்மணற்கல்லைப் பார்த்ததும் பாலைவனம் என்று எழுதிவிடாதீர்கள்

படிவுப் பாறைகளை வைத்துப் பழைய நிலப்பரப்பைச் சொல்லப் போகும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. மணலும் சேறும் அங்கே எப்படி வந்து சேர்ந்தன என்று கேட்பதற்கு முன்பே கடல், ஆறு, பாலைவனம் என்று பெயர் வைத்துவிடுகிறோம். பாறையில் பதிவாகியிருப்பது நீரோட்டம், அலை, காற்று, வண்டல் அடங்கிய விதம், காய்ந்த விதம் ஆகியவைதான். இடத்தின் பெயர் நாம் பிறகு ஊகிப்பது.

நிறத்தில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். சிவப்பு என்றால் துகள்களின் மேல் ஹேமடைட் என்ற இரும்பு ஆக்ஸைடு பூசியிருக்கிறது, அவ்வளவுதான். நன்றாக மழை பெய்யும் வெள்ளச் சமவெளியின் மண்ணிலும் அது உருவாகும், மணல் புதைந்த பிறகு நிலத்தடி நீர் இரும்புக் கனிமங்களை மெல்லச் சிதைப்பதாலும் வரும், கரையிலிருந்து வெகுதூரத்தில் ஆழ்கடல் தரையில்கூடச் செங்களி படிகிறது. பாலைவன மணல்மேட்டின் அடையாளம் என்று பலர் நினைக்கும், சாய்வாக வெட்டிச் செல்லும் அடுக்குகளும் அப்படித்தான். ஆற்றின் அடியிலும் கடலின் அடியிலும் மணல்மேடுகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன, அவையும் அதே மாதிரிச் சாய்ந்த அடுக்குகளை விட்டுப்போகும். காற்றா நீரா என்று பிரிக்க வேண்டுமானால் துகளைப் பாருங்கள். மைக்கா என்பது மெல்லிய தகடுகளாக உரியும் மின்னும் கனிமம்; காற்றில் மணலோடு மோதி மோதி அதன் செதில்கள் சீக்கிரம் நொறுங்கிவிடும், ஆகவே உடைத்த பரப்பில் மைக்கா தாராளமாக மின்னினால் அது காற்று குவித்த மேடாக இருக்க வாய்ப்பு குறைவு. சாய்ந்த அடுக்குகளுக்குள்ளேயே கூழாங்கற்கள் கிடந்தால் கேட்கவே வேண்டாம், அவற்றைக் காற்று தூக்கி வந்திருக்காது.

அடுத்தது தடிமனைக் காலமாக எண்ணுவது. தடித்த அடுக்கு என்றால் நீண்ட காலம் என்று மனசு தானாகவே கணக்குப் போடும், இந்தத் தவறிலிருந்து தப்புவதுதான் எனக்குத் தெரிந்து மிகக் கடினம். 1929 நவம்பரில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் ஒரு நிலநடுக்கம் வந்தது. கடலடிச் சரிவு சரிந்து, மணலும் சேறும் கலந்த கனத்த நீரோட்டமாகக் கீழே பாய்ந்து, வழியிலிருந்த தந்திக் கேபிள்களை ஒன்றன்பின் ஒன்றாக அறுத்துக்கொண்டே போனது, கடைசிக் கேபிள் அறுந்தது 13 மணி நேரத்துக்கும் பிறகு. இப்படி ஒரு நிகழ்வு ஒரு மீட்டர் மணலைச் சில மணி நேரத்தில் போட்டுவிடும். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் சில மில்லிமீட்டர் களிமண் படிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்கலாம். இன்னும் மோசம், எதுவுமே படியாத அல்லது படிந்தது அரித்துப்போன காலம் வெறும் கோடாகத்தான் தெரியும். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் சுமார் 170 கோடி ஆண்டுப் பழைய விஷ்ணு உருமாற்றப் பாறையின் மேல், சில இடங்களில் நேரடியாகவே, சுமார் 50 கோடி ஆண்டு வயதுள்ள டபீட்ஸ் மணற்கல் கிடக்கிறது. நடுவில் 100 கோடி ஆண்டுகளுக்கும் மேல் காணவில்லை.

இந்தக் கோடுகளைக் கவனிக்காதவர்கள்தான் வால்தர் விதியையும் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள். மேலும் கீழுமாக அடுக்கியிருக்கும் படிவச் சூழல்கள் ஒரு காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை என்று 1894-இல் ஜோஹனஸ் வால்தர் சொன்னது சரிதான், ஆனால் நடுவில் முறிவு இல்லாத தொடரில் மட்டும். கடற்கரை மணலுக்கு மேல் ஆழ்கடல் களி திடீரென்று வந்தால், இரண்டும் அடுத்தடுத்து இருந்தன என்று வரைபடம் போடுவதற்கு முன் அவை ஒன்றையொன்று தொடும் கோட்டில் அரிப்பின் தடயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தொல்லுயிர் எச்சம் கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்ற நினைப்பும் வேண்டாம். கனடாவின் ஆல்பர்ட்டாவில் 2011-இல் ஒரு சுரங்கத்தில் கிடைத்த போரியலோபெல்டா, தரையில் தாவரம் தின்று வாழ்ந்த கவச டைனோசர். கிடைத்ததோ கடல் படிவில். செத்து மிதந்து போயிருக்கிறது.

உப்பு அடுக்கைப் பார்த்ததும் 'கடல் ஒருமுறை வற்றியது' என்று எழுதுவதும் இதே அவசரம்தான். 1970-இல் குளோமார் சேலஞ்சர் கப்பல் மத்தியதரைக் கடலின் அடியில் துளையிட்டபோது ஜிப்சமும் உப்பும் கிடைத்தன, வயது ஏறக்குறைய 60 லட்சம் ஆண்டுகள். சில இடங்களில் அந்த உப்பு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடிமன். சின்னக் கணக்குப் போடுவோம்: சராசரி ஆழம் சுமார் 1,500 மீட்டர், லிட்டருக்கு 38 கிராம் உப்பு, முழுவதும் வற்றினாலும் சராசரியாக 25 மீட்டர் சொச்சம்தான் தேறும். உப்பு பள்ளங்களில் குவிந்தது என்று வைத்துக்கொண்டாலும் போதாது. அப்படியானால் அட்லாண்டிக் நீர் திரும்பத் திரும்ப உள்ளே வந்துகொண்டிருந்திருக்க வேண்டும். நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

அப்புறம், பாறையின் இன்றைய உருவத்தை அன்றைய நில உருவமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே பாரம் ஏற ஏற, நீர் நிறைந்த சேறு நசுங்கிப் பழைய தடிமனில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், மணல் அவ்வளவு நசுங்காது. சேற்றுச் சமவெளியை வெட்டிக்கொண்டு ஓடிய ஆற்றுக் கால்வாயின் மணல், சுற்றியுள்ள களிப்பாறை அமுங்கிய பிறகு நடுவில் புடைத்து நிற்கும், மேலே உள்ள அடுக்குகளும் அதன்மேல் வளைந்து போகும். அதைப் பார்த்துவிட்டு அங்கே ஒரு மணல்திட்டு இருந்தது என்று சொன்னால், பள்ளம் இருந்த இடத்தில் மேடு வரைந்தவர்கள் ஆகிவிடுவோம்.