இடைநின்ற குழந்தையை மீண்டும் தொடக்கப் பள்ளியில் சேர்த்து நிலைக்கச் செய்வது எப்படி?

முதல் வேலை, வீடு வீடாகச் சென்று பள்ளிக்கு வராத குழந்தைகளின் பெயர்களைக் குறித்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தக் குழந்தைக்கே உரிய காரணத்தை எழுதுவதாகும். 'வறுமை' என்று மட்டும் எழுதினால் அடுத்து என்ன செய்வதென்று விளங்காது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாமை, பெற்றோர் பிழைப்புத் தேடி ஊர் ஊராகச் செல்வது, கடனை அடைக்கக் குழந்தையே வேலைக்குப் போவது, வகுப்பில் பட்ட அடி அல்லது அவமானம் எனக் காரணம் மாறும்போது தீர்வும் மாறுகிறது. பெற்றோர் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் சென்று பேசுங்கள். குழந்தையிடமும் தனியே கேளுங்கள். பெற்றோர் பணக்கஷ்டத்தைச் சொல்லும் வீட்டில், குழந்தை ஆசிரியரின் பிரம்பைச் சொல்லக்கூடும்.

தலைமையாசிரியரைச் சந்திக்கும் முன் உங்கள் நாட்டின் சேர்க்கை விதிகளைப் படித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது.

எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பத்து வயதுக் குழந்தையை ஆறு வயதுப் பிள்ளைகளோடு உட்காரவைத்தால் கூச்சத்தாலேயே நின்றுவிடும். எழுத்துக்கூட்டத் தெரியாத நிலையில் ஐந்தாம் வகுப்பில் விட்டால் ஒன்றும் புரியாமல் ஒதுங்கிவிடும். ஆகவே, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விடுபட்ட பாடங்களுக்குத் தனியாகச் சிறப்புப் பயிற்சி தருவதே முறை. மேற்கண்ட சட்டமும் இதையே வகுத்துள்ளது. பயிற்சிக்கு முன் குழந்தையின் அருகே அமர்ந்து, முதலில் எழுத்துகளையும், பிறகு சொற்களையும், பிறகு சிறு பத்தியையும் காட்டி, எங்கே தடுமாறுகிறது என்று பாருங்கள். சந்தையில் மீதிச் சில்லறையை மனக்கணக்காகவே சொல்லிவிடும் குழந்தை, அதே கழித்தலை ஏட்டில் கண்டதும் திகைத்து நிற்கும். அதற்குக் கணக்குத் தெரியும், எழுத்துமுறைதான் தெரியாது என்பதை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குழந்தைக்கு அந்தச் சொல் தரும் தைரியம் பெரிது.

வங்கதேசத்தில் பிராக் என்னும் தொண்டு நிறுவனம் 1985இல் தொடங்கிய ஓரறைப் பள்ளிகளில், ஏறத்தாழ 30 குழந்தைகளுக்கு உள்ளூர்ப் பெண் ஒருவரே ஆசிரியையாக இருந்தார். குழந்தைகளின் குடும்பச் சூழலை அறிந்த ஒருவர் பயிற்சி தருவது எங்குமே நல்லது.

குழந்தையின் கூலியை நம்பியிருக்கும் குடும்பத்திடம் வெறும் அறிவுரை செல்லாது. மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய புரோகிரெசா திட்டம், பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வரும் குடும்பங்களில் தாயின் கையிலேயே உதவித்தொகையை அளித்தது. உங்கள் பகுதியில் கிடைக்கும் உதவித்தொகை, மதிய உணவு, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கப் பெற்றோருடன் நீங்களும் செல்லுங்கள்.

சேர்த்த பின்னரும் முதல் சில மாதங்கள் வருகைப் பதிவேட்டைத் தொடர்ந்து பாருங்கள். குழந்தை ஒரு நாள் வராவிட்டால் அன்று மாலையே வீட்டுக்குச் சென்று, கடிந்துகொள்ளாமல் விசாரியுங்கள். குடும்பம் இடம்பெயரப் போகிறது என்று தெரிந்தால், புறப்படும் முன்பே மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக் கொடுத்து, போகும் ஊரின் பள்ளிக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.