கட்டைவிரலை விட்டுவிடாதீர்கள்

நர்ஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கை கழுவச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. "இதில் என்ன இருக்கிறது?" என்று சிரிப்பார்கள். சரி என்று, புற ஊதா விளக்கில் மட்டும் ஒளிரும் ஒரு களிம்பைக் கையில் பூசி, கழுவிவிட்டு வரச் சொல்வேன். விளக்கின் கீழ் நீட்டினால் உள்ளங்கை சுத்தமாக இருக்கும். கட்டைவிரலும் விரல் நுனியும் நகக்கண்ணும் பளிச்சென்று மின்னும். அப்புறம் யாரும் சிரிப்பதில்லை.

மோதிரத்தைக் கழற்றி, கையை நனைத்து, சோப்புப் போடுங்கள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு எல்லாம் தேய்த்த பிறகு, ஒரு கட்டைவிரலை மறுகைப் பிடிக்குள் வைத்துத் திருகுங்கள். கை மாற்றியும் செய்யுங்கள். பிறகு விரல் நுனிகளைக் குவித்து எதிர் உள்ளங்கையில் வட்டமாகத் தேய்த்தால் நகக்கண் வரை நுரை போகும். தேய்ப்பதற்கு மட்டுமே 20 விநாடி வேண்டும். வெந்நீர் தேவையில்லை, கிருமியைத் தோலிலிருந்து பெயர்ப்பது சோப்பும் தேய்ப்பும்தான்.

நன்றாகத் துடையுங்கள். ஈரக்கையில் கிருமி எளிதாக ஒட்டும், எளிதாகப் பரவவும் செய்யும். உடுத்தியிருக்கும் துணியில் துடைத்தால் கழுவியது வீண்.

சாப்பிடும் முன், சமைக்கும் முன், கழிப்பறை போனபின், மூக்குச் சிந்தியபின், குழந்தைக்குக் கால் கழுவிவிட்டபின்: இவை தெரிந்ததுதான்.

சானிடைசர் வாங்கினால் ஆல்கஹால் குறைந்தது 60 சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள். கையில் அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் அது சரியாக வேலை செய்யாது. வாந்தி பேதி கொண்டுவரும் நோரோவைரஸ் அதற்கு அவ்வளவாக மசியாது. வீட்டில் யாருக்காவது வாந்தி என்றால் சோப்பும் தண்ணீரும்தான்.

கையால் வாயைப் பொத்தி இருமுவது மரியாதையாகத் தெரியலாம். அந்தக் கை அடுத்து கதவுப் பிடியைத்தானே தொடும்? முழங்கை மடிப்புக்குள் இருமுங்கள்.

கழுவிய கையோடு செல்போனை எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான். கழிப்பறைக்குள் கொண்டு போகாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை ஒவ்வொரு முறையும் பிழிந்து, காற்றுப்படுகிற இடத்தில் காய வையுங்கள். பச்சை இறைச்சியின் நீர் சிந்தினால் அதை வைத்துத் துடைக்காதீர்கள், காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். ஸ்பாஞ்ச் நாற ஆரம்பித்தால் மாற்றிவிடுங்கள்.