கோடை விடுமுறையில் பத்து நாள் பேண்ட் முகாம்: கருவிப் பெட்டி முதல் கச்சேரி மேடை வரை

குமரி மாவட்டத்தில் களியக்காவிளை, மார்த்தாண்டம், குழித்துறை சுற்றுவட்டாரத்தில் பள்ளி பேண்டும் தேவாலயப் பங்கு பேண்டும் இல்லாத ஊர் குறைவு. பிள்ளைகள் பவனியில் நடந்துகொண்டே வாசித்துப் பழகியவர்கள். உட்கார்ந்து, மெதுவாக, அடுத்தவர் வாசிப்பதைக் கேட்டு வாசிக்க அவர்களுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. கோடை முகாமில் அதைத்தான் கற்றுத்தர வேண்டும். கடைசி நாள் கச்சேரியில் என்ன வாசிக்கப்போகிறோம் என்பதை முதல் நாளுக்கு முன்பே முடிவு செய்தால் மட்டுமே இது நடக்கும். 'போகப்போகப் பார்ப்போம்' என்று தொடங்கும் முகாமில் எட்டாம் நாள் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள்.

எப்போது, எங்கே

மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்கள் சரியாக வரும். அதற்கு முன் வி.பி.எஸ். (தேவாலயங்களின் விடுமுறை வேதாகமப் பள்ளி) வகுப்புகள் குறுக்கிடும், மாதக் கடைசியில் பள்ளிச் சேர்க்கை, சீருடை, புத்தகம் என்று பெற்றோர் அலைவார்கள். ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கும் என்பது பொதுக் கணக்கு. எல்லைக்கு அப்பால் கேரளத்துப் பாறசாலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் அப்போதே திறந்துவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை இரண்டு வாரம் பயிற்சி, அடுத்த சனிக்கிழமை கச்சேரி.

வகுப்பு நேரம் காலை 8.30 முதல் 12.30 வரை. பிற்பகலில் வைக்காதீர்கள். கோடைமழை பெரும்பாலும் மூன்று மணிக்கு மேல் இடியோடு வரும், கரண்டும் அதோடு போகும். தகரக் கூரையுள்ள கூடம் என்றால் மழைச் சத்தத்தில் டிரம்பெட்கூடக் கேட்காது. ஓட்டுக்கூரையோ கான்கிரீட்டோ உள்ள பெரிய அறை ஒன்று, பிரிவுப் பயிற்சிக்குச் சிறிய வகுப்பறைகள் மூன்று தேவை. டைல்ஸ் தரை எதிரொலிக்கும். தாளக் கருவிகளுக்குக் கீழே ஜமக்காளம் விரியுங்கள்.

மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்து எடுக்கவும். கைப்பிடி உள்ளதில் உட்கார்ந்தால் டிராம்போனின் குழாய் இடிக்கும், சாக்ஸபோன் பக்கவாட்டில் சாயும், எல்லோரும் முதுகைச் சாய்த்துவிடுவார்கள். கைப்பிடி இல்லாத பள்ளி நாற்காலிதான் வேண்டும்.

யார் யார், எத்தனை பேர்

36 பேருக்கு மேல் முதல் முறை சேர்க்க வேண்டாம். ஃப்ளூட் 4, கிளாரினெட் 9, ஆல்டோ சாக்ஸ் 4, டெனர் சாக்ஸ் 1, டிரம்பெட் 8, டிராம்போன் 3, யூஃபோனியம் 2, தாளக் கருவிகள் 5 என்று இருந்தால் சத்தம் சமனாக நிற்கும். விண்ணப்பத்தைத் திறந்துவிட்டால் டிரம்பெட்டுக்கும் சைடு டிரம்முக்கும்தான் கூட்டம் வரும். பன்னிரண்டு டிரம்பெட்டும் மூன்று கிளாரினெட்டும் சேர்ந்தால் எந்தப் பாட்டும் பாட்டாக இருக்காது. கருவிவாரியாக இடம் ஒதுக்கி, நிரம்பியதும் மூடிவிடுங்கள். ஆசிரியர்கள் நான்கு பேர் வேண்டும்: ரீடு (வாய்ப்பகுதியில் அதிரும் மெல்லிய நாணல் தகடு) உள்ள கிளாரினெட், சாக்ஸ் கருவிகளுக்கும் ஃப்ளூட்டுக்கும் ஒருவர், பித்தளைக்கு ஒருவர், தாளத்துக்கு ஒருவர், மொத்தக் குழுவை நடத்த ஒருவர்.

செண்டைகளை வைத்து அடிக்கும் சிங்காரி மேளத்தில் பழகிய பிள்ளைகள் இங்கே நிறைய உண்டு. தாளம் அவர்களுக்கு நன்றாக நிற்கும். ஆனால் செண்டைக்குத் தோளிலிருந்து இறங்கும் அடி, சைடு டிரம்முக்கு வந்தால் மற்ற எல்லாரையும் மூழ்கடித்துவிடும். முதல் மூன்று நாள் டிரம்மைத் தொடவிடாமல், ஒரு அடிச் சதுரப் பலகையில் ரப்பர் மேட் ஒட்டி அதில் அடிக்கச் சொல்லுங்கள். குச்சி மேட்டிலிருந்து நான்கு விரற்கடைக்கு மேல் எழும்பக் கூடாது. அதில் சீராக அடிக்க வந்தவருக்கே டிரம்.

முகாமுக்கு முந்தின வாரம்: கருவிகளைத் திறந்து பாருங்கள்

அலமாரியில் ஒரு வருடம் கிடந்த கருவிகளை முதல் நாள் காலையில் பிள்ளைகள் கையில் கொடுத்தால் அந்த நாள் பழுதுபார்ப்பிலேயே போய்விடும். ஒரு வாரம் முன்னதாக ஒவ்வொன்றையும் வெளியே எடுங்கள்.

டிரம்பெட்டிலும் யூஃபோனியத்திலும் பிஸ்டன்களை (விரலால் அழுத்தும் வால்வுகளை) கழற்றி, வெதுவெதுப்பான நீரில் பாத்திர சோப்பு கலந்து கழுவித் துடைத்து, ஒவ்வொன்றிலும் வால்வ் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விட்டு மாட்டவும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். பிசுபிசுத்து வால்வைப் பிடித்துக்கொள்ளும். பிஸ்டனில் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். எண் மாறி மாட்டினாலோ, சரியான இடத்தில் 'கிளிக்' என்று உட்காராவிட்டாலோ, ஊதினால் காற்றே போகாது. 'டிரம்பெட் கெட்டுப்போச்சு' என்று கொண்டுவருவதில் பாதி இதுதான்.

வாய்ப்பகுதி குழாயில் இறுகிக்கொண்டால் இடுக்கி போட்டு முறுக்காதீர்கள், முன்குழாய் திருகிப் போகும். அதற்கென்று இருக்கும் இழுப்பானை ஒரு முகாமுக்கு ஒன்று வாங்கி வைப்பது எந்தப் பழுதுச் செலவையும்விட மலிவு. இறுகுவதற்குக் காரணம் பிள்ளைகள் உள்ளங்கையால் தட்டி மாட்டுவது. செருகி லேசாக ஒரு திருகு போதும் என்று முதல் நாளே காட்டுங்கள்.

கிளாரினெட்டில் இணைப்புகளின் தக்கைக்கு கார்க் கிரீஸ் தடவுங்கள். மேல் பாதியையும் கீழ் பாதியையும் சேர்க்கும்போது மேல் பாதியின் வளையங்களை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் இரண்டையும் இணைக்கும் பாலச் சாவி மேலே எழும்பி வழிவிடும். அழுத்தாமல் திருகினால் சாவி வளையும், அதன்பின் கீழ் ஸ்வரங்கள் கீச்சிடும். எபோனைட் (கடின ரப்பர்) வாய்ப்பகுதியைக் கொதிநீரில் போட்டால் நிறம் மாறி நாற்றமடிக்கும். வெதுவெதுப்பான நீரும் சோப்பும் போதும்.

ரீடின் கடினம் 2ஆம் எண்ணாக இருக்கட்டும். ஒருவருக்கு மூன்று ரீடு, நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி. ஊதும் முன் ஓரிரு நிமிடம் நீரில் நனைத்து, முடிந்ததும் கழுவித் துடைத்து ஒரு தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் காயவைக்கவும். இந்த ஊர் ஈரத்தில், வாய்ப்பகுதியிலேயே விட்டுவிட்ட ரீடில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும்.

ஐந்து ஸ்வரம் போதும்

பேண்டில் ஒரே ஸ்வரத்துக்கு ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு பெயர். எல்லோருக்கும் பொதுவான ஸட்ஜமாக ஃப்ளூட்டின் பி-ஃப்ளாட்டை வைத்துக்கொள்ளுங்கள். அப்போது டிரம்பெட், கிளாரினெட், டெனர் சாக்ஸ் இசைத்தாளில் அது சி. ஆல்டோ சாக்ஸ் தாளில் ஜி. டிராம்போனுக்கும் கீழ்க்குறியில் (பேஸ் க்ளெஃப்) படிக்கும் யூஃபோனியத்துக்கும் பி-ஃப்ளாட்டேதான். பலகையில் 'ச' என்று எழுதிவிட்டால் தமிழில் படித்தவருக்கும் மலையாளத்தில் படித்தவருக்கும் ஒன்றாகவே புரியும்.

முதல் வாரம் முழுக்க ச, ரி, க, ப, த மட்டும். மோகனத்தின் ஐந்து ஸ்வரங்கள். இதைத் தேர்ந்தெடுக்க அழகைவிடப் பெரிய காரணம் உண்டு. கிளாரினெட்டில் சி, டி, இ, ஜி, ஏ எல்லாமே கீழ்ப் பகுதிக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே ஏ-யிலிருந்து பி-க்குத் தாண்டும்போதுதான் ஏறக்குறைய எல்லா விரலும் ஒரே சமயத்தில் மூட வேண்டும். புதியவர்கள் சிக்குவதெல்லாம் அங்கேதான். பத்து நாளில் அந்தத் தாண்டலைத் தொட வேண்டாம்.

ஆனால் இந்த ஐந்திலும் இடறும் இடங்கள் உண்டு. டிரம்பெட்டில் ரி, அதாவது டி, முதல் வால்வும் மூன்றாம் வால்வும் சேர்ந்தது. இயல்பாகவே சுருதி ஏறி நிற்கும். மூன்றாம் வால்வின் குழாயை மோதிர விரலால் சற்று வெளியே தள்ளச் சொல்லுங்கள். அந்தக் குழாய் அசையவில்லை என்றால் கிரீஸ் போட்டு முகாமுக்கு முன்பே விடுவித்திருக்க வேண்டும். ஆல்டோ சாக்ஸில் க-விலிருந்து ப-வுக்குப் போகும்போது ஒரே விரலிலிருந்து ஆறு விரலும் ஆக்டேவ் சாவியும். அதற்கு மட்டும் தினம் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். டிராம்போனில் கீழ் ரி ஆறாம் நிலை, அதாவது குழாயை வெகுதூரம் நீட்டும் இடம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கை அங்கே எட்டாது. எட்டாதவரை வற்புறுத்தினால் தோளைச் சாய்த்துக் கருவியையே திருப்பி, வாயிலிருந்து ஸ்வரம் நழுவும். அந்த ஸ்வரத்தை யூஃபோனியத்துக்குக் கொடுத்துவிட்டு, டிராம்போன் ச-விலோ ப-விலோ நிற்கட்டும்.

ஐந்து ஸ்வரத்தை வைத்துக்கொண்டு தமிழ்த்தாய் வாழ்த்தைத் தயார் செய்யலாம். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட அது மோகன ராகம், திஸ்ர தாளம், 55 விநாடி. மெட்டு அனுபவமுள்ள ஏழெட்டுப் பேரிடம். மற்றவர்கள் ச-வையும் ப-வையும் நீட்டிப் பிடித்தால் சுருதிப் பெட்டி போல் அடியில் நிற்கும். நீட்டிப் பிடிப்பவர்களுக்கும் வேலை கடினம்தான்: நான்கு எண்ணிக்கை ஊதி, எல்லோரும் ஒரே இடத்தில் மூச்செடுக்காமல், பக்கத்தில் இருப்பவர் எடுத்தபின் எடுக்கப் பழக வேண்டும்.

ஒரு நாளின் நடப்பு

8.30க்கு நீண்ட ஸ்வரங்கள், அரை மணி நேரம். தாளம் எண்ணிக் காட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60 வைத்து, எட்டு எண்ணிக்கை ஊதி நான்கு எண்ணிக்கை ஓய்வு. பிறகு சுருதி சேர்ப்பது. ஊதிச் சூடான பின்தான் சேர்க்க வேண்டும். குழாய்க்குள் காற்று சூடேற ஏற சுருதி மேலே போகும், குளிர்ந்த கருவியில் சேர்த்தது பத்து நிமிடம் நிற்காது. ஏறியிருந்தால் டிரம்பெட்டின் பெரிய வளைகுழாயை வெளியே இழுக்கவும். கிளாரினெட்டில் வாய்ப்பகுதிக்கு அடுத்த பீப்பாய்ப் பகுதியை ஒரு மில்லிமீட்டர் இழுத்தாலே தெரியும். மே மாத வெக்கையில் மொத்தக் குழுவுமே 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதி அளவுக்கு மேலேதான் நிற்கும். கீபோர்டைச் சேர்த்தால் அது ஏறாது, நீங்கள் எல்லோரும் இழுத்து இறங்க வேண்டிவரும். கீபோர்டு வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

9.15 முதல் 10.30 வரை தனித்தனி அறைகளில் பிரிவுப் பயிற்சி. அதன்பின் இடைவேளை: ஏத்தன்பழம் புழுங்கியது, அவித்த மரச்சீனிக் கிழங்கு, நிறைய தண்ணீர். மே மாதம் சக்கைப்பழக் (பலாப்பழக்) காலம், யாராவது கொண்டுவருவார்கள். முகாமில் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதன் பிசினான அரக்கு விரலில் இருந்தால் கிளாரினெட், சாக்ஸ் சாவிகளின் அடியில் இருக்கும் பேடு ஒட்டிக்கொள்ளும்; அரக்குப் போகத் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் எண்ணெயும் பேடில் ஏறும். ஒட்டிய பேடுக்கு மெல்லிய டிஷ்யூத் தாளை இடையில் வைத்து மூடி, மெதுவாகத் திறக்கவும், இழுக்கக் கூடாது. இனிப்புக் குடித்தவர் வாய் கொப்பளிக்காமல் ஊதக் கூடாது.

10.50 முதல் 12.15 வரை எல்லோரும் சேர்ந்து. ஒரே உருப்படியை இருபது நிமிடத்துக்கு மேல் பிடித்துக்கொள்ள வேண்டாம். உதடு களைத்ததும் பித்தளைப் பிள்ளைகள் வாய்ப்பகுதியை முகத்தில் அழுத்த ஆரம்பிப்பார்கள், உதட்டில் சிவந்த வளையம் தெரியும். தெரிந்தால் அவரை நிறுத்தி, பாட்டைப் பாடச் சொல்லுங்கள். பாட வராததை ஊதவும் வராது.

எட்டாம் நாள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். அன்று நிற்காமல் கடைசிவரை போகாத உருப்படியைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். இன்னும் இரண்டு நாளில் வந்துவிடும் என்று தோன்றும். வராது, மற்ற நான்கையும் கெடுக்கும்.

கச்சேரி

மொத்தம் 35 நிமிடம் போதும். தமிழ்த்தாய் வாழ்த்து, மெதுவான ஒரு கீர்த்தனை, தாளக் குழு மட்டும் ஒன்று, ஐந்து ஸ்வரத்தில் ஒரு மார்ச், எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டு. ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது நான்கில் வாசிக்க வேண்டும். தேசிய கீதத்தின் முழு வடிவம் ஏறத்தாழ 52 விநாடி. குழுவுக்கு வரவில்லை என்றால் எல்லோரும் எழுந்து பாடட்டும், வெட்டி வாசிக்க வேண்டாம்.

நேரம் காலை 11.30. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகும் பெற்றோர் பாலெடுத்து ஷீட் அடித்து வர அந்த நேரமாகும். பத்து மணிக்கு வைத்தால் முன்வரிசை காலியாக இருக்கும். மாலையில் வைத்தால் மழை. அன்று முகூர்த்த நாளா என்று பார்த்தே மண்டபம் பேசுங்கள்.

அரைவட்டமாக மூன்று வரிசை: முன்னால் ஃப்ளூட்டும் கிளாரினெட்டும், நடுவில் சாக்ஸும் யூஃபோனியமும், பின்னால் டிரம்பெட்டும் டிராம்போனும், இடப்புறப் பின்மூலையில் தாளம். டிரம்பெட் வாயைத் தாள் ஸ்டாண்டுக்குள் தாழ்த்தி ஊதினால் முன்னால் இருப்பவர் காது தப்பும்.

மின்விசிறியைக் கவனியுங்கள். தாள் பறப்பதற்குத் துணி கிளிப் போட்டால் தீர்ந்தது, ஸ்டாண்டுக்கு இரண்டு. ஆனால் மேடை விசிறியின் காற்று ஃப்ளூட்டின் ஊது துளைமேல் குறுக்கே அடித்தால் சத்தமே எழாது. பிள்ளை பயத்தில் ஊதவில்லை என்று நினைப்பீர்கள். ஃப்ளூட் வரிசைக்கு நேரான விசிறியை நிறுத்துங்கள்.

சவுண்ட் செட்காரர் வரிசைக்கு ஒரு மைக் வைக்க வருவார். முந்நூறு பேர் அமரும் கூடத்துக்கு 36 பேர் குழுவுக்கு மைக் தேவையில்லை. அறிவிப்பாளருக்கு ஒன்று போதும், அதையும் வாசிக்கும்போது அணைக்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் கட்டடத்துக்குப் பின்னால் தள்ளி நிற்கட்டும். 10.45க்குப் பக்கத்து அறையில் எல்லோரையும் ஊதிச் சூடாக்கி, 11.20க்கு மேடையில் ஒருமுறை சுருதி பார்த்தால் போதும்.

முடிந்ததும் கருவிகளை அப்படியே பெட்டியில் போடவிடாதீர்கள். பித்தளையில் நீர்ச்சாவியைத் திறந்து தண்ணீரை ஊதி வெளியேற்றி, கிளாரினெட்டுக்குள் துணி இழுத்து, வெளியே வியர்வையைத் துடைத்து, பெட்டியை ஒரு மணி நேரம் திறந்து வைக்கவும். கொல்லங்கோடு, தேங்காப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று பித்தளையை விரைவில் கறுக்கவைக்கும், துடைப்பதைத் தள்ளிப்போட முடியாது. அடுத்த மாதம் மழை தொடங்கிவிடும்: பெட்டிகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்கி, ஒவ்வொன்றிலும் சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டு, மாதம் ஒருமுறை வெயிலடிக்கும் நாளில் திறந்து காற்றாட விடுங்கள்.