பக்கவாதம் வந்தவர் வீடு திரும்பியதும் குடும்பம் செய்யும் தவறுகள்

ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை சொந்தபந்தம் மொத்தமும் கூடவே நிற்கும். டிஸ்சார்ஜ் ஆகிக் கொஞ்ச நாள் போனதும் மனைவியோ மருமகளோ, ஒருத்தர் மட்டும்தான் மிச்சம். கழிவறைக்குக் கூட்டிப்போவது, மாத்திரை கொடுப்பது, இரவில் விழித்திருப்பது எல்லாம் அவர் தலையில். எல்லாத் தவறுகளிலும் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். அப்படிப் பார்த்துக்கொள்பவருக்கே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருக்கும். பரிசோதனைக்குப் போகவே நேரம் இருக்காது. யார் எந்த நேரம் பார்ப்பது என்பதை வீடு திரும்பும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புவதோடு நிற்காமல், மாதத்தில் சில நாட்களாவது வந்து அவருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

அடுத்தது, நோயாளி சார்பில் நாமே பேசுவது. வலது கை கால் விழுந்தவர்கள் பலருக்குப் பேச்சும் சேர்ந்தே பாதிக்கப்படும். வலது கை காலை இயக்கும் மூளையின் இடப்பக்கத்திலேயே பெரும்பாலானோருக்கு மொழியைக் கையாளும் பகுதியும் இருப்பதுதான் காரணம். வார்த்தை வரவில்லை என்பதால் புத்தி போய்விட்டது என்று அர்த்தமில்லை. அவர் எதிரிலேயே “எப்படி இருந்த மனுஷன்!” என்று விருந்தாளிகள் அழுவதை அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். தயவுசெய்து அதைத் தடுங்கள். ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும்படி சின்னக் கேள்வியாகக் கேட்டு, பொறுமையாகக் காத்திருங்கள்.

திடீரென்று காரணமில்லாமல் அழுவார், சிரிப்பார், எரிந்து விழுவார். மூளை பாதிப்பே இப்படி வெளிப்படலாம். “சோம்பேறித்தனம், பிடிவாதம்” என்று திட்டுவது அநியாயம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு. மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

பாசத்தால் நடக்கும் தவறுகளும் நிறைய. விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு இறங்கிவிடலாம். படுத்த நிலையில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்தபிறகே கொடுங்கள். இருமினாலோ குரல் கரகரத்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், அவரால் முடிந்ததையும் நாமே செய்துவிடுவது. முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். சட்டை போட அரை மணி நேரம் ஆனாலும் சரி, அவரே போடட்டும்.

புறா ரத்தம் தடவினால் விழுந்த கை கால் சரியாகும் என்பார்கள்; அதில் எந்தப் பலனும் இல்லை. அதைவிட ஆபத்து, நடக்கத் தொடங்கியதும் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவது. அது இரண்டாவது பக்கவாதத்துக்கு வழி விடும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பண விஷயத்தில் அவரை ஓரங்கட்டி, ஏடிஎம் கார்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளே முடிவெடுக்கும் வீடுகள் உண்டு. கையெழுத்துப் போட முடியாதவர் கைரேகை வைத்துக் கணக்கை நடத்த வங்கிகளில் வழி இருக்கிறது. முதலில் அவரிடம் கேளுங்கள், பிறகு வங்கி மேலாளரைப் பாருங்கள்.