டி.வி. இருந்த சுவரில் நூறு அங்குலத் திரை

சென்ற ஆண்டு எங்கள் டி.வி.யில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்தது. பேனலை மாற்றும் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்றார் மெக்கானிக். பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் ஹால் 12 அடி நீளம், 10 அடி அகலம். புது டி.வி.க்குப் பதிலாக, சுவரில் படத்தை வீசும் புரொஜெக்டர் வாங்குவது என்று முடிவுசெய்தேன். இதற்குள் புரொஜெக்டரா என்று உறவினர்கள் கேட்டார்கள். சிறிய ஹாலுக்குத்தான் அது பொருத்தம் என்பேன். டி.வி.யும் அதன் மேஜையும் அடைத்திருந்த இடத்தில் இப்போது பகலெல்லாம் பிள்ளைகள் பாய் விரித்துப் படிக்கிறார்கள்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இரவு ஏழரை மணிக்கு ஹால் விளக்கை அணைத்துவிட்டு, படம் விழப்போகும் சுவரைப் பத்து நிமிடம் பாருங்கள். எங்கள் வீட்டில் தெருவிளக்கு ஜன்னல் வழியாக வந்து சுவரில் கம்பிகளின் நிழலை வரைந்திருந்தது. அடுப்படி டியூப்லைட் ஒரு மூலையை வெளுக்க வைத்திருந்தது. இதையெல்லாம் ஏன் கவனிக்க வேண்டும் என்றால், புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. வெளிச்சத்தை வீசும், கறுப்பு வேண்டிய இடத்தில் வீசாமல் இருக்கும், அவ்வளவுதான். ஆகவே விளக்கணைத்த அறையில் உங்கள் சுவர் எவ்வளவு இருட்டோ, அதுதான் படத்தில் வரும் கறுப்பு. எத்தனை ஆயிரம் கூடுதலாகக் கொடுத்தாலும் இது மாறாது. நான் ஜன்னலில் பவானி ஜமக்காளம் ஒன்றை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டேன். கடையில் வாங்கிய எந்தத் திரைச்சீலையும் அந்த அளவுக்கு மறைக்கவில்லை.

அதனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பகல் முழுவதும் தொடர் பார்க்கும் பெரியவர் வீட்டில் இருந்தால் டி.வி.யைத் தூக்கி எறியாதீர்கள். அத்தையின் அறையில் செட்டாப் பாக்ஸோடு ஒரு சிறிய மானிட்டர் இருக்கிறது. ஐ.பி.எல்.லில் இரவு 7.30 மணி ஆட்டம் ஹால் சுவரில், பிற்பகல் 3.30 மணி ஆட்டம் அத்தையின் அறையில்.

வாங்கும்போது நான் ஏமாந்தது வெளிச்சக் கணக்கில். முதலில் வாங்கியதன் அட்டைப்பெட்டியில் 9,000 லூமன் என்று போட்டிருந்தது. வீட்டில் போட்டால் முகங்கள் எல்லாம் சாம்பல் பூசியதுபோல் தெரிந்தன. திருப்பி அனுப்பிவிட்டேன். பெட்டியில் வெறும் ‘லூமன்’ என்று இருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். ‘ஆன்சி லூமன்’, அதாவது பொதுவான தரமுறைப்படி அளந்த வெளிச்சம், எவ்வளவு என்று கேளுங்கள். நன்றாக இருட்டிய அறையில் நூறு அங்குலப் படத்துக்கு 500 ஆன்சி லூமன் போதும். ஒரு சிறு விளக்காவது எரிய வேண்டும் என்றால் ஆயிரத்துக்குக் குறையாமல் பாருங்கள். அதேபோல், ‘4கே ஆதரவு’ என்றால் 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். சுவரில் விழுவது ‘நேட்டிவ்’ என்று குறிப்பிட்டிருக்கும் அளவுதான். அது 1920 x 1080 புள்ளிகளாக இருக்கட்டும்.

அடுத்தது தூரம். ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் ‘த்ரோ ரேஷியோ’ என்று ஓர் எண் உண்டு. படத்தின் அகலத்தை அந்த எண்ணால் பெருக்கினால், சுவரிலிருந்து லென்ஸ் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று கிடைத்துவிடும். நூறு அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு; அந்தத் திரையின் அகலம் 87 அங்குலம், உயரம் 49. எங்களுடையது 1.3, பெருக்கினால் 113 அங்குலம், ஏறக்குறைய ஒன்பதரை அடி. எண்பது அங்குலத் திரை என்றால் அகலம் 70. ஏழரை அடி தூரமே போதும். தையல் டேப்பை வைத்து இதை அளந்து, சுவரில் பென்சிலால் நான்கு மூலைகளையும் குறித்த பிறகுதான் இரண்டாவது முறை பணம் கட்டினேன்.

முதலில் கூரையில் மாட்டிப் பார்த்தோம். மின்விசிறி சுற்றியதும் இறக்கைகளின் நிழல் படத்தின் மேல் ஓடத் தொடங்கியது, கண் வலித்துவிட்டது. நம் ஊரில் விசிறியை நிறுத்திவிட்டுப் படம் பார்க்க முடியாது. பின்சுவரில் இரண்டரை அடி அகலத்துக்கு ஒரு லாஃப்ட் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதன் அடியில் முன்விளிம்போரமாகத் தலைகீழாக மாட்டி, மெனுவில் படத்தைத் திருப்பிக்கொண்டோம். ஒளி விசிறிக்குக் கீழாகவே போய்விடுகிறது, தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவர் தலையும் பெரும்பாலும் குறுக்கே வருவதில்லை. படத்தின் கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. தரையில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அதற்கு மேல் போனால் கழுத்து பிடித்துக்கொள்ளும். படம் கோணலாக விழுந்தால் ‘கீஸ்டோன்’ வசதியால் நேராக்கலாம், ஆனால் அது படத்தின் ஓரங்களைச் சுருக்கித்தான் நேராக்கும், தெளிவு குறையும். முடிந்தவரை கருவியையே நேராக மாட்டுங்கள். காற்று போகும் துளைகளைச் சுற்றி அரை அடியாவது வெற்றிடம் விடுங்கள்.

திரைக்கு முதல் வாரம் எட்டு முழ வேட்டி கட்டினோம். பாதி வெளிச்சம் அதற்குள் புகுந்து பின்னால் போய்விட்டது. பிறகு சுவருக்கே பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை மேட் எமல்ஷன் இரண்டு கோட் அடித்தோம். பளபளப்பு உள்ள பெயின்ட் வேண்டவே வேண்டாம். நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டு நின்றுகொண்டே இருக்கும். அன்று இரவு ஒரு பழைய படம் போட்டோம். அத்தை எழுந்து சுவருக்கு அருகில் போய், கதாநாயகி கட்டியிருப்பது சுங்குடிச் சேலை, புள்ளி ஒவ்வொன்றும் தெரிகிறது என்று விரல் வைத்துக் காட்டினார். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு டி.வி.யில் முகங்களே பிடிபடவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

ஒலியைப் புரொஜெக்டரிடம் விடாதீர்கள். அது நமக்குப் பின்னால் இருக்கிறது. முகம் முன்னால் பேச, குரல் முதுகுப் பக்கமிருந்து வரும். கணினிக்கு வைத்திருந்த பழைய ஸ்பீக்கர்களைத் திரைக்குக் கீழே வைத்து, சுவரோரமாக வயர் இழுத்தேன். புளூடூத்தில் உதடு முந்தியும் ஓசை பிந்தியும் வந்தது. இணையத்திலிருந்து படம் வருவதற்குத் தனியாக ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கி, புரொஜெக்டரின் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகிவிடுங்கள், மலிவான புரொஜெக்டர்களுக்குள் இருக்கும் செயலிகள் பலவற்றுக்குக் கட்டணத் தளங்களின் அனுமதி கிடையாது. எல்.இ.டி. வகைக்கு மின்சாரம் அதிகம் தேவையில்லை, எங்கள் வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓடுகிறது. லென்ஸுக்குள் உற்றுப் பார்க்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஐப்பசி மழை பிடித்தால் ஈசல் வரும். இருட்டிய வீட்டில் ஒளி இருக்கும் ஒரே இடம் அந்த லென்ஸ்தான் என்பதால் நேராக அங்கேயே போகும். ஒவ்வொன்றும் சுவரில் காக்கை அளவு நிழலாகத் தெரியும். ஈசலைத் தேடிப் பல்லி திரைக்கு வரும். மாலை ஆறு மணிக்கே ஜன்னலுக்கு வலை போட்டுவிடுகிறேன். காலையில் மெல்லிய பருத்தித் துணியால், ஈரம் படாமல் லென்ஸைத் துடைத்துவிட்டு மூடியைப் போடுகிறேன்.